இருபடிச் சமன்பாடும் அதன் தீர்வுச் சூத்திரமும்

இருபடிச் சமன்பாடு என்பது ஒரு மாறியின் மிக உயர்ந்த அடுக்கு 2 ஆக அமைந்த பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடு ஆகும். இதன் பொது வடிவம் பின்வருமாறு:

க ய² + ச ய + த = 0

இங்கு ய என்பது கண்டறிய வேண்டிய எண், அதாவது மாறி. க, ச, த ஆகியவை கொடுக்கப்பட்ட எண்கள். க என்பது ய²-இன் கெழு, ச என்பது ய-இன் கெழு, த என்பது மாறி சேராத தனி உறுப்பு. க சுழியாக இருக்கக் கூடாது. இருந்தால் ய² உறுப்பு மறைந்து, சமன்பாடு ஒருபடிச் சமன்பாடாகிவிடும். அடுத்தடுத்து எழுதப்படும் எழுத்துகளும் எண்களும் பெருக்கலைக் குறிக்கின்றன. 4க த என்றால் 4 × க × த.

சமன்பாட்டை நிறைவுசெய்யும் ய-இன் மதிப்புகள் அதன் மூலங்கள் எனப்படுகின்றன. எந்த இருபடிச் சமன்பாட்டின் மூலங்களையும் பின்வரும் சூத்திரத்தால் பெறலாம்:

ய = (−ச ± √(ச² − 4க த)) / 2க

± என்னும் குறி இரண்டு கணக்குகளை ஒரே வரியில் சுருக்கித் தருகிறது. கூட்டல் குறியைக் கொண்டு ஒரு மூலமும், கழித்தல் குறியைக் கொண்டு மற்றொரு மூலமும் கிடைக்கும்.

பள்ளிப் பாடத்தில் இச்சூத்திரம் பெரும்பாலும் மனப்பாடம் செய்யப்படுகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது, அதன் ஒவ்வொரு பகுதியும் எதைச் சொல்கிறது என்பவை தெரிந்தால் மறந்தபோது மீண்டும் வருவித்துக்கொள்ள முடியும். மேலும், சூத்திரம் தருவது சமன்பாட்டின் மூலங்களை மட்டுமே. அம்மூலங்களில் எது கேட்ட கேள்விக்கு விடை என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

சமன்பாடு தோன்றும் விதம்

ஒருவரிடம் 40 மீட்டர் நீளமுள்ள கம்பி இருக்கிறது. அதைக் கொண்டு 96 சதுர மீட்டர் பரப்புள்ள செவ்வகத் தோட்டம் ஒன்றுக்கு வேலி அமைக்க வேண்டும். தோட்டத்தின் நீளமும் அகலமும் எவ்வளவு?

சுற்றளவு 40 மீட்டர் என்பதால் நீளமும் அகலமும் சேர்ந்து 20 மீட்டர். ஒரு பக்கம் ய மீட்டர் எனில் மறுபக்கம் 20 − ய மீட்டர். பரப்பளவு ய(20 − ய) = 96. இதை விரித்து எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தால்,

ய² − 20ய + 96 = 0

என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. தெரியாத ஓர் அளவு, தன்னையே சார்ந்த மற்றோர் அளவால் பெருக்கப்படும்போது ய² தோன்றுகிறது. பரப்பளவு, கீழே விழும் பொருளின் இயக்கம், கூட்டு வட்டி, விலையும் விற்பனையும் சார்ந்த வருவாய் முதலிய பல கணக்குகள் இவ்வாறே இருபடிச் சமன்பாட்டில் முடிகின்றன.

இச்சமன்பாட்டைச் சூத்திரம் இல்லாமலும் தீர்க்கலாம். இரு பக்கங்களின் கூடுதல் 20 என்பதால் அவற்றின் சராசரி 10. எனவே ஒரு பக்கம் 10-ஐவிட எவ்வளவு கூடுதலோ, மறுபக்கம் அதே அளவு குறைவாக இருக்கும். அந்த அளவை ம என்று கொண்டால் (10 + ம)(10 − ம) = 100 − ம² = 96. ஆகவே ம² = 4, ம = 2. பக்கங்கள் 12 மீட்டரும் 8 மீட்டரும் ஆகும். ஒரு நடுப்புள்ளியைக் கண்டு, அதிலிருந்து இருபுறமும் சம தொலைவு செல்லும் இந்த எண்ணமே பொதுச் சூத்திரத்திற்குள்ளும் இருக்கிறது.

வர்க்கப் பூர்த்தி

ய² = 49 போன்ற சமன்பாட்டைத் தீர்ப்பது எளிது; இருபுறமும் வர்க்கமூலம் எடுத்தால் ய = ±7. (ய + 5)² = 64 என்பதும் அதே அளவு எளிதானது: ய + 5 = ±8; எனவே ய = 3 அல்லது −13. இருபடிச் சமன்பாட்டில் தடையாக இருப்பது ய² உறுப்பு அன்று. ய², ய ஆகிய இரண்டும் தனித்தனியாக நிற்பதுதான். அவ்விரண்டையும் ஒரே வர்க்கத்திற்குள் அடக்கிவிட்டால் தடை நீங்கும். இம்முறைக்கு வர்க்கப் பூர்த்தி என்று பெயர்.

ய² + 10ய = 39 என்னும் சமன்பாட்டைப் படமாகக் காணலாம். பக்கம் ய உடைய ஒரு சதுரத்தை வரைய வேண்டும். 10ய என்பதை 5ய, 5ய என இரு செவ்வகங்களாகப் பிரித்து, ஒன்றைச் சதுரத்தின் வலப்புறத்திலும் மற்றொன்றை அதன் கீழ்ப்புறத்திலும் ஒட்ட வேண்டும். இப்போது உருவம் ஏறத்தாழ ஒரு பெரிய சதுரம் போல் இருக்கும். ஒரு மூலை மட்டும் குறைந்திருக்கும். அம்மூலையின் அளவு 5 × 5 = 25. அதைச் சேர்த்தால் பெரிய சதுரத்தின் பரப்பு 39 + 25 = 64. அதன் பக்கம் 8. பெரிய சதுரத்தின் பக்கம் ய + 5 என்பதால் ய = 3.

பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய இயற்கணித நூலில் இதே சமன்பாடு இத்தகைய வடிவியல் விளக்கத்துடன் இடம்பெற்றுள்ளது. பக்கத்தின் நீளம் எதிர்மமாக இருக்க முடியாது என்பதால் −13 என்னும் மூலம் அங்கு இடம்பெறவில்லை.

சூத்திரத்தை வருவித்தல்

ஒவ்வொரு சமன்பாட்டிற்கும் தனித்தனியாக வர்க்கத்தைப் பூர்த்தி செய்வதற்குப் பதிலாக, எண்களுக்கு மாற்றாக எழுத்துகளை வைத்து ஒரே ஒருமுறை செய்துவிட்டால் கிடைப்பதே இருபடிச் சூத்திரம். பின்னங்கள் இடையில் வராதபடி செய்யும் வழி பின்வருமாறு.

தொடக்கச் சமன்பாடு:

க ய² + ச ய + த = 0

படி 1. இருபுறமும் 4க ஆல் பெருக்குக:

4க² ய² + 4க ச ய + 4க த = 0

படி 2. 4க த உறுப்பை வலப்புறம் கொண்டு செல்க:

4க² ய² + 4க ச ய = −4க த

படி 3. இருபுறமும் ச² கூட்டுக:

4க² ய² + 4க ச ய + ச² = ச² − 4க த

படி 4. இடப்புறம் இப்போது முழு வர்க்கம்:

(2க ய + ச)² = ச² − 4க த

படி 5. இருபுறமும் வர்க்கமூலம் எடுக்க:

2க ய + ச = ±√(ச² − 4க த)

படி 6. ச உறுப்பை வலப்புறம் கொண்டு சென்று, 2க ஆல் வகுக்க:

ய = (−ச ± √(ச² − 4க த)) / 2க

படி 1-இல் 4க ஆல் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. க ஆல் பெருக்கும்போது முதல் உறுப்பு (க ய)² என்னும் வர்க்கமாகிறது. 4 ஆல் பெருக்கும்போது நடு உறுப்பைச் சரிபாதியாகப் பிரிக்கையில் பின்னம் தோன்றுவதில்லை. படி 6-இல் 2க ஆல் வகுக்க முடிவது, க சுழி அன்று என்பதால்தான்.

சூத்திரத்தின் பகுதிகள்

சூத்திரத்தை இரண்டாகப் பிரித்து எழுதினால் அதன் பொருள் தெளிவாகும்:

ய = −ச/2க ± √(ச² − 4க த)/2க

முதல் பகுதியான −ச/2க இரு மூலங்களுக்கும் பொதுவானது. அது அவற்றின் நடுப்புள்ளி. இரண்டாம் பகுதி, நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு மூலமும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைத் தருகிறது. வேலிக் கணக்கில் க = 1, ச = −20, த = 96. நடுப்புள்ளி 20/2 = 10. தொலைவு √(400 − 384)/2 = √16/2 = 2. மூலங்கள் 12, 8.

க ய² + ச ய + த என்னும் கோவையின் மதிப்பை வரைபடமாக வரைந்தால் பரவளையம் கிடைக்கும். நடுப்புள்ளியின் வழியே செல்லும் செங்குத்துக் கோடு அப்பரவளையத்தின் சமச்சீர் அச்சு. பரவளையம் கிடை அச்சை வெட்டும் இடங்களே மூலங்கள். அதனால்தான் அவை நடுக்கோட்டின் இருபுறமும் சம தொலைவில் அமைகின்றன.

தன்மைகாட்டி

வர்க்கமூலக் குறிக்குள் உள்ள ச² − 4க த என்னும் கோவை தன்மைகாட்டி எனப்படும். மூலங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவை எத்தகையவை என்பதை இது காட்டிவிடும். க, ச, த ஆகியவை மெய்யெண்களாக இருக்கும்போது மூன்று நிலைகள் உள்ளன.

1. தன்மைகாட்டி சுழியைவிடப் பெரியது எனில், வெவ்வேறான இரு மெய் மூலங்கள் உண்டு. பரவளையம் கிடை அச்சை இரண்டு இடங்களில் வெட்டும்.

2. தன்மைகாட்டி சுழி எனில், இரு மூலங்களும் சமம். பரவளையம் கிடை அச்சை ஒரே இடத்தில் தொட்டுச் செல்லும்.

3. தன்மைகாட்டி சுழியைவிடச் சிறியது எனில், மெய் மூலங்கள் இல்லை. பரவளையம் கிடை அச்சைத் தொடுவதே இல்லை. இந்நிலையில் மூலங்கள் கலப்பெண்கள்.

க, ச, த ஆகியவை முழுக்களாக இருந்து, தன்மைகாட்டி 0, 1, 4, 9, 16 போன்ற முழு வர்க்கமாகவும் இருந்தால் மூலங்கள் விகிதமுறு எண்களாகும். அப்போது சமன்பாட்டை முழுக்களைக் கொண்டே காரணிப்படுத்த முடியும்.

வேலிக் கணக்கையே சற்று மாற்றினால் இம்மூன்று நிலைகளும் கண்முன் தெரியும். கம்பியின் நீளம் அதே 40 மீட்டர். வேண்டிய பரப்பு மட்டும் மாறுகிறது.

பரப்பு 96 எனில்: ய² − 20ய + 96 = 0; தன்மைகாட்டி 400 − 384 = 16; பக்கங்கள் 12, 8.

பரப்பு 100 எனில்: ய² − 20ய + 100 = 0; தன்மைகாட்டி 400 − 400 = 0; இரு பக்கங்களும் 10. தோட்டம் சதுரமாகிறது.

பரப்பு 104 எனில்: ய² − 20ய + 104 = 0; தன்மைகாட்டி 400 − 416 = −16; மெய் மூலங்கள் இல்லை.

மூன்றாவது முடிவைக் கணக்கு தவறிவிட்டது என்று கொள்ளக் கூடாது. 40 மீட்டர் கம்பியால் 104 சதுர மீட்டர் செவ்வகத்தை எவ்வளவு முயன்றாலும் அடைக்க முடியாது என்பதே அதன் பொருள். அக்கம்பியால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வகம் 100 சதுர மீட்டர், அது சதுரம். கம்பியை வாங்கி, கம்பங்களை நடுவதற்கு முன்பே தன்மைகாட்டி இதைச் சொல்லிவிடுகிறது.

எடுத்துக்காட்டுகள்

எடுத்துக்காட்டு 1: 3ய² − 5ய − 2 = 0

க = 3, ச = −5, த = −2. தன்மைகாட்டி (−5)² − 4 × 3 × (−2) = 25 + 24 = 49. ய = (5 ± 7)/6. எனவே ய = 12/6 = 2 அல்லது ய = −2/6 = −1/3.

எடுத்துக்காட்டு 2: ய² − 6ய + 4 = 0

க = 1, ச = −6, த = 4. தன்மைகாட்டி 36 − 16 = 20. இது முழு வர்க்கம் அன்று. எனவே முழுக்களைக் கொண்டு காரணிப்படுத்தும் முயற்சி பலிக்காது. சூத்திரத்தின்படி ய = (6 ± √20)/2 = (6 ± 2√5)/2 = 3 ± √5. தசம வடிவில் இவை ஏறத்தாழ 5.236, 0.764.

எடுத்துக்காட்டு 3: 4ய² = 12ய − 9

முதலில் பொது வடிவத்திற்கு மாற்ற வேண்டும்: 4ய² − 12ய + 9 = 0. தன்மைகாட்டி 144 − 144 = 0. ய = 12/8 = 3/2. இது இரட்டை மூலம்.

எடுத்துக்காட்டு 4: ய² + 2ய + 5 = 0

தன்மைகாட்டி 4 − 20 = −16. மெய் மூலங்கள் இல்லை. கலப்பெண்களை ஏற்றுக்கொண்டால் √(−16) = 4√(−1). எனவே ய = −1 ± 2√(−1). இங்கும் நடுப்புள்ளி −1 மாறாமல் இருப்பதைக் காணலாம்.

எந்த மூலம் விடை?

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதம் என்னும் நூலில் குரங்குக் கூட்டங்களைப் பற்றிய இரண்டு கணக்குகள் உள்ளன. இரண்டும் இருபடிச் சமன்பாடுகளே. ஆனால் அவற்றின் மூலங்களை அவர் ஒரே விதமாக நடத்தவில்லை.

முதல் கணக்கு: ஒரு கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் குன்றின்மேல் உள்ளன. மொத்தம் எத்தனை? மொத்தம் ய எனில் (ய/8)² + 12 = ய. 64 ஆல் பெருக்கிச் சீராக்கினால் ய² − 64ய + 768 = 0. தன்மைகாட்டி 4096 − 3072 = 1024; அதன் வர்க்கமூலம் 32. எனவே ய = 48 அல்லது 16. 48-இல் எட்டில் ஒரு பங்கு 6; அதன் வர்க்கம் 36; 36 + 12 = 48. 16-இல் எட்டில் ஒரு பங்கு 2; அதன் வர்க்கம் 4; 4 + 12 = 16. இரண்டும் கதைக்குப் பொருந்துகின்றன. எனவே இரண்டும் விடைகள்.

இரண்டாம் கணக்கு: ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் குறைத்து, அதை வர்க்கம் செய்தால் வரும் எண்ணிக்கையிலான குரங்குகள் குகைக்குள் சென்றன; ஒரு குரங்கு மட்டும் மரக்கிளையில் காணப்படுகிறது. மொத்தம் எத்தனை? (ய/5 − 3)² + 1 = ய. சீராக்கினால் ய² − 55ய + 250 = 0. தன்மைகாட்டி 3025 − 1000 = 2025; அதன் வர்க்கமூலம் 45. எனவே ய = 50 அல்லது 5.

50-ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று குறைய 7, வர்க்கம் 49, கிளையில் உள்ள ஒன்றையும் சேர்க்க 50. 5-ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று குறைய −2, வர்க்கம் 4, ஒன்றைச் சேர்க்க 5. இரண்டு எண்களுமே சமன்பாட்டை நிறைவுசெய்கின்றன. ஆயினும் ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்குகளைக் குறைக்க முடியாது. ஆகவே 5 என்னும் மூலத்தைப் பாஸ்கரர் ஏற்கவில்லை. 50 மட்டுமே விடை. இங்கு விலக்கப்பட்ட மூலம் ஒரு நேர்ம முழு எண் என்பது கவனிக்கத்தக்கது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் குறை ஏதும் தெரியாது. கேள்விக்குள் மீண்டும் பொருத்திப் பார்த்தால்தான் குறை வெளிப்படுகிறது.

எதிர்ம மூலங்கள் எல்லாம் பொருளற்றவை என்பதும் சரியன்று. தரையிலிருந்து 15 மீட்டர் உயரமுள்ள மாடியிலிருந்து ஒரு பந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறியப்படுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைத் தோராயமாக 10 என்று கொண்டால், ய விநாடிகளுக்குப் பின் பந்தின் உயரம் 15 + 10ய − 5ய² மீட்டர். பந்து தரையைத் தொடும்போது இது சுழியாகும். −5 ஆல் வகுத்தால் ய² − 2ய − 3 = 0; ய = 3 அல்லது −1. பந்து 3 விநாடிகளில் தரையை அடைகிறது என்பதே கேள்விக்கான விடை. −1 என்பது மற்றொரு செய்தியைத் தருகிறது: பந்து ஒரு விநாடி முன்னதாகத் தரையிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்பட்டிருந்தால், அது மாடியின் உயரத்தைக் கடக்கும்போது இதே வேகத்தில் இதே பாதையில் சென்றிருக்கும்.

வரலாறு

இருபடிக் கணக்குகள் மிகப் பழமையானவை. கி.மு. 2000-ஐ அடுத்த நூற்றாண்டுகளைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகைகளில் சதுரங்களின் பக்கங்களையும் வயல்களின் நீள அகலங்களையும் காணும் கணக்குகள் உள்ளன. ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் 3/4 வருமெனில் பக்கம் என்ன என்பது அவற்றுள் ஒன்று. அதற்குரிய செயல்முறை: 1-இல் பாதி 1/2, அதன் வர்க்கம் 1/4, அதை 3/4 உடன் கூட்ட 1, அதன் வர்க்கமூலம் 1, அதிலிருந்து 1/2-ஐக் கழிக்க, பக்கம் 1/2. குறியீடுகள் இல்லையே தவிர, இது வர்க்கப் பூர்த்தியேயாகும்.

இந்தியாவில் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதி சொல்லப்பட்டுள்ளது. எதிர்ம எண்களையும் சுழியையும் கொண்டு கணக்கிடும் விதிகளையும் அந்நூல் தருகிறது. மேலே உள்ள வருவித்தலில் 4க ஆல் பெருக்கும் முறை, பாஸ்கரருக்கு முந்தையவரான ஸ்ரீதரருடையது. ஸ்ரீதரரின் இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. அவ்விதியைப் பாஸ்கரர் தம் நூலில் எடுத்துக்காட்டியதால் அது நிலைத்தது. பிரேசில் நாட்டுப் பள்ளிகளில் இருபடிச் சூத்திரம் இன்றும் பாஸ்கரர் பெயராலேயே வழங்குகிறது. பழைய இந்திய இயற்கணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். அதன் முதல் எழுத்தான யா என்பதே குறியீடாக எழுதப்பட்டது.

அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள அல் ஜபர் என்னும் சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்னும் பெயர் வந்தது. அவர் எல்லா உறுப்புகளையும் நேர்மமாகவே வைத்துக்கொண்டதால், ஒருபடி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே தீர்க்க வேண்டியிருந்தது. எதிர்ம எண்கள் இயல்பாக ஏற்கப்பட்ட பின்னரே எல்லா வகைகளும் ஒரே சூத்திரத்திற்குள் அடங்கின.

முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்கான பொதுத் தீர்வுகள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கண்டறியப்பட்டன. கார்டானோ 1545-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். ஐம்படிச் சமன்பாட்டிற்கு வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலங்களைக் கொண்ட இத்தகைய பொதுச் சூத்திரம் இருக்க முடியாது என்பதை நார்வே நாட்டுக் கணிதவியலாளர் ஏபெல் 1824-இல் நிறுவினார்.

மூலங்களைச் சரிபார்த்தல்

மூலங்களைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது நேரடியான வழி. அதைவிட விரைவான வழியும் உண்டு. சூத்திரம் தரும் இரு மூலங்களையும் கூட்டினால் ± பகுதி நீங்கிவிடும். பெருக்கினால் வர்க்கமூலம் நீங்கிவிடும். அதனால்,

மூலங்களின் கூடுதல் = −ச/க

மூலங்களின் பெருக்கற்பலன் = த/க

எடுத்துக்காட்டு 1-இல் மூலங்கள் 2, −1/3. கூடுதல் 5/3, பெருக்கற்பலன் −2/3. கெழுக்களிலிருந்து −ச/க = 5/3; த/க = −2/3. இரண்டும் ஒத்துப்போகின்றன. தேர்வில் சில விநாடிகளில் செய்யக்கூடிய இச்சோதனை, பெரும்பாலான குறிப் பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

பொது வடிவத்திற்கு மாற்றாமை: 4ய² = 12ய − 9 என்பதில் ச = 12, த = −9 என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒரு பக்கம் சுழியான பின்னரே கெழுக்களைப் படிக்க வேண்டும்.

குறிப் பிழை: ச = −5 எனில் −ச = 5. அதன் வர்க்கம் (−5)² = 25; −25 அன்று. எதிர்ம எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி இடுவது பாதுகாப்பானது.

வகுத்தலில் பிழை: −ச, வர்க்கமூலம் ஆகிய இரண்டும் 2க ஆல் வகுபட வேண்டும். வர்க்கமூலத்தை மட்டும் வகுத்துவிடுவது பரவலான தவறு.

மாறியால் வகுத்தல்: ய² = 7ய என்பதில் இருபுறமும் ய ஆல் வகுத்தால் ய = 7 மட்டும் கிடைக்கும்; ய = 0 என்னும் மூலம் தொலைந்துவிடும். ய² − 7ய = 0 என்று எழுதி ய(ய − 7) = 0 எனக் காரணிப்படுத்தினால் இரண்டும் கிடைக்கும்.

கணிப்பானில் நேரும் பிழை

சூத்திரம் சரியாக இருந்தும், முறையாகப் பிரதியிட்டும், விடை தவறாக வரும் நிலை ஒன்று உண்டு. ய² − 1000ய + 1 = 0 என்னும் சமன்பாட்டின் தன்மைகாட்டி 999996. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 999.998. ஐந்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணக்கீட்டில் இது 1000.0 என்று முழுமையாக்கப்படும். அப்போது சிறிய மூலம் (1000 − 1000)/2 = 0 என்று வரும். ஆனால் சுழி இச்சமன்பாட்டின் மூலமே அன்று; பிரதியிட்டால் 1 = 0 என்றாகும். உண்மையான சிறிய மூலம் ஏறத்தாழ 0.001.

ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போது, அவற்றின் முன் இலக்கங்கள் ஒன்றையொன்று நீக்கிவிட, முழுமையாக்கலில் நேர்ந்த பிழை மட்டுமே எஞ்சுவதே இதற்குக் காரணம். அதிக இலக்கங்களைக் கொண்ட கணிப்பொறியிலும் எண்கள் இன்னும் பெரிதானால் இதே இடர் வரும். இதற்கான தீர்வு, மூலங்களின் பெருக்கற்பலனில் இருக்கிறது. கழித்தல் நேராத பெரிய மூலத்தை முதலில் கண்டு, த/க-ஐ அதனால் வகுத்தால் சிறிய மூலம் கிடைக்கும். இங்கு பெரிய மூலம் 1000.0; எனவே சிறிய மூலம் 1/1000 = 0.001.

எந்த முறையை எப்போது பயன்படுத்துவது

ச = 0 எனில் நேரடியாக வர்க்கமூலம் எடுப்பதே போதும். த = 0 எனில் ய-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுக்கலாம். கெழுக்கள் சிறிய முழுக்களாக இருந்து, தன்மைகாட்டி முழு வர்க்கமாகவும் இருந்தால் காரணிப்படுத்தல் விரைவானது. க = 1 ஆகவும் ச இரட்டை எண்ணாகவும் இருந்தால் வர்க்கப் பூர்த்தி எளிது. மற்ற எல்லா நிலைகளிலும், காரணிகள் புலப்படாதபோதும், சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்.

எம்முறையைப் பின்பற்றினாலும் தன்மைகாட்டியை முதலில் கணக்கிடுவது நல்லது. மூலங்கள் உள்ளனவா, எத்தகையவை என்பது அப்போதே தெரிந்துவிடும். மூலங்களைக் கண்ட பின், கூடுதலையும் பெருக்கற்பலனையும் கொண்டு அவற்றைச் சரிபார்க்க வேண்டும். வார்த்தைக் கணக்காக இருந்தால், ஒவ்வொரு மூலத்தையும் சமன்பாட்டில் மட்டுமன்றிக் கேள்வியிலும் பொருத்திப் பார்த்த பிறகே விடையாக எழுத வேண்டும்.